பன்றி விலைக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவே

கொத்திய பன்றிக்கறியைக் கட்டைவிரல் தடிமனுக்கு உருட்டி, மாவுச் சதுரத்தில் கிடத்தி, ஒரே சுருட்டில் மூடி, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துகிறார் வெர்லா கோய்கர். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு வாக்கியம். "ஆண்டவர் ஆணும் பெண்ணுமாத்தான் படைச்சாரு." அழுத்தல். "பள்ளிக்கூடம் நடக்கறது நம்ம வரிப்பணத்துல." அழுத்தல். "நான் யாரையும் குத்தம் சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்." இதற்கு மட்டும் இரண்டு அழுத்தல். சுருள்கள் ஆலயத்து விற்பனைக்கு. வாக்கியங்கள் ரேடியோவுக்கு.

எதிரே சக்கர நாற்காலியில் கணவர் ஹார்லன். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சில் பெரும்பகுதியையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை சில சொற்கள்: "சரி", "போதும்", "குளிருது", அப்புறம் மனைவியின் பெயர். வெர்லா பேசி முடித்ததும் அவர் "சரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவந்ததும் அதுதான். ஆகையால் நோய்க்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பார் வெர்லா. கேட்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள்.

அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது நியூ ஆர்னம். ஊர் ரேடியோவில் புதனும் வெள்ளியும் காலை ஏழே முக்காலுக்குச் சற்று முன்பாக, பன்றி விலை நிலவரம் முடிந்து இரங்கல் செய்தி தொடங்குவதற்குள், வெர்லாவுக்கு ஏழு நிமிடம் உண்டு. பன்றி விலை கேட்கும் பண்ணைக்காரர்களும், நேற்று யார் போய்ச் சேர்ந்தார் என்று அறியக் காத்திருக்கும் கிழவர்களும் அந்த ஏழு நிமிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய செல்வாக்கின் ரகசியம் அதுதான் என்று ரேடியோ நிலையத்து மேலாளர் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குச் சுருள்கள் போகவில்லை.

வயது எழுபத்தாறு. ஒரு காலத்தில் ஆறடி உயரம். முதுகெலும்பு கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டது. கை இரண்டும் ரொட்டித் தட்டு அகலம், விரல் கணுக்கள் புடைத்தவை. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிக் காலுறை பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் போகாது. காலை உயர்த்தி வைத்து உட்காரும்படி டாக்டர் சொன்னார். "காலத் தூக்கி மேல வெச்சா புத்தி கீழ எறங்கிடும்" என்று வெர்லா பதில் சொன்னார். உப்பையும் குறைக்கவில்லை.

அவருடைய கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஊர் ஆலயம் ஒன்று ஓரினக் காதலர்களையும் வரவேற்று வாசலில் வானவில் துணி கட்டியபோது, "வானவில்ல ஆண்டவர் நோவாவுக்குக் குடுத்தாரு, கொடிக்கயித்துல காயப்போட இல்ல" என்றார். பொதுப் பள்ளியில் கிறிஸ்துமஸ் பாட்டு விழாவைக் 'குளிர்கால இசை விழா' என்று மாற்றியபோது, "குளிர்காலம் எந்தத் தொழுவத்துல பொறந்துச்சாம்? நான் கேக்கறேன், அவ்வளவுதான்" என்றார். அவருடைய கட்சிக்காரர்களே பணக்காரக் கம்பெனி ஒன்றுக்காக வயல்களின் குறுக்கே குழாய் பதிக்க வந்தபோது, "ஓட்டுத்தான் போட்டேன், வயல எழுதிக் குடுக்கல" என்று அவர்களையும் விடவில்லை. அதன்பிறகு கட்சியின் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது வெர்லாவுக்கு எதிர் மூலையில்தான் நிற்பார்.

அவர் யார் பெயரையும் சொல்வதில்லை. அதைக் கிறிஸ்தவ அன்பு என்று மனமார நம்புகிறார். "பக்கத்து ஊர்ல ஒருத்தர்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒருத்தர் யார் என்பது, காபிக்கடையில் ஆர்டர் கொடுத்த முட்டை மேசைக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினார். ஓய்வுநாளில் இங்கே யாரும் புல் வெட்டுவதில்லை. வெர்லா அவரைப் பற்றி மூச்சுவிடவில்லை. "என் தெருவுல ஒரு மெஷினுக்குக் கிழமை தெரியல" என்றார், அவ்வளவே. அந்த மனிதர் அதன்பிறகு கோடை முழுக்கச் செவ்வாய்க்கிழமை வெட்டினார், ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே.

பெண்கள் விளையாட்டு என்று வந்தால் மட்டும் அந்தக் குரலில் வேறொன்று சேர்ந்துகொள்ளும். வெர்லா அந்தக் காலத்துக் கூடைப்பந்துக்காரி. அப்போது அயோவாப் பெண்களுக்கென்று தனி ஆட்டமுறை இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் பந்து போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. வெர்லா தடுக்கிறவர். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் ஆடி, ஒரு பந்தைக்கூடக் கூடையில் போட்டதில்லை, போட அனுமதியில்லை. எதிராளியைப் போடவிடாததுதான் வேலை. அதில் அவர் மாவட்டத்திலேயே பேர்போனவர்.

அந்த நாட்களிலிருந்து ஒரு கதை வைத்திருக்கிறார். ரேடியோவில் பலமுறை சொன்ன கதை. ஓர் ஆட்டத்தில் எதிர் ஊர்க் கூட்டம் அவரைப் பார்த்து, "அது பொண்ணே இல்லடா, பையன்! தூக்கி வெளிய போடு!" என்று ஆட்டம் முடியும்வரை கத்தியது. "அதுல எவன் ரொம்பச் சத்தமாக் கத்தினானோ அவனத்தான் கட்டிக்கிட்டேன்" என்று முடிப்பார். ஹார்லனும் கேட்டுச் சிரிப்பார். இப்போது வாயின் இடது பக்கத்தால்.

நியூ ஆர்னத்தில் எல்லாரும் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழியினர். புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "நீங்க யார் வீட்டுப் புள்ள? அம்மா வீட்டுப் பேரு என்ன?" என்றுதான். பாட்டன் பேரையும் பண்ணை இருந்த இடத்தையும் சொன்னால் போதும், ஏதாவதொரு உறவு அகப்பட்டுவிடும். டச்சு பிங்கோ என்று இதற்கு விளையாட்டுப் பெயர்கூட உண்டு. வெர்லா அதில் கெட்டிக்காரர். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மருந்து கொடுத்தவரைத் தன் ஒன்றுவிட்ட தங்கையின் கொழுந்தனார் பேரன் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் கண்மூடினார்.

ஒரு வருடத்துக்கு முன்பு, ஹார்லனைக் குளிப்பாட்ட ஏஜென்சியிலிருந்து டான்யா மார்ஷ் வந்தபோதும் ஆட்டம் தொடங்கியது.

"மார்ஷா? அது இங்கத்திப் பேரு இல்லையே. அம்மா வீட்டுப் பேரு?"

"சண்ட்குவிஸ்ட். மினசோட்டா."

"ஓ, ஸ்வீடன்காரங்களா" என்று சொல்லிவிட்டு வெர்லா காபி போடப் போய்விட்டார். ஹாலந்துப் பெயர் இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது?

டான்யாவின் கைகளைப் பார்த்தாலே தொழில் தெரிந்தவர் என்று சொல்லிவிடலாம். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பார். ஹார்லனைத் திருப்புவதற்கு முன் திருப்பப்போவதாகச் சொல்வார். உடம்பில் கழுவும் பகுதி தவிர மற்றதைத் துண்டால் மூடியே வைப்பார். உலர்ந்துவிட்டதா என்று மடிப்புகளில் விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் சட்டை போடுவார். வாரத்தில் நாலு நாள் வருகிறார். புதன்கிழமைகளில் வெர்லா ரேடியோவுக்குக் கிளம்பியதும், குளியலறை வாசலில் ரேடியோவை வைத்துவிட்டுக் குளிப்பாட்டுவார். மனைவியின் குரல் வராவிட்டால் ஹார்லன் நிலைகொள்ளமாட்டார். இத்தனையும் வெர்லாவுக்குத் தெரியும். டான்யாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது.

சங்கதி இப்படித் தொடங்கியது. நியூ ஆர்னத்துக் கிறிஸ்தவப் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணி, பெல் க்ரீக் ஊர் அணியிடம் தோற்றது. தோற்ற அணியில் இருந்தவர்களில் ஒருத்தி வெர்லாவின் அக்காள் மகன் டார்வின் வான் ரூகலின் பெண். டார்வின் பன்றிப் பண்ணைக்காரர், சபை மூப்பர். அந்தப் பெயரை அவருக்கு வைத்தபோது தாய்தகப்பனுக்குக் குரங்குக் கதை எதுவும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் டார்வின் வெர்லாவுக்குப் போன் செய்தார்.

"சித்தி, நீங்க பாத்திருக்கணும். அந்த முப்பத்திரெண்டாம் நம்பர். கதவு நிலை உயரம். எம்பொண்ணு கையிலேர்ந்து பந்தப் புடுங்கினதுல விரல் சுளுக்கிடுச்சு. முடி ஒட்ட வெட்டியிருக்கு. குரலு என் குரல் மாதிரி இருக்கு சித்தி!"

"யார் வீட்டுப் பொண்ணு?"

"அதான் விஷயமே. யாருக்கும் தெரியல. இந்த வருஷந்தான் வந்து சேந்துச்சாம்."

வெர்லா முள்கரண்டியைக் கீழே வைத்தார். உயரத்தையும் முடியையும் அவர் பொருட்படுத்தியிருக்கமாட்டார். ஆனால் ஒரு பிள்ளை, மூன்று மாவட்டத்தில் ஒருவருக்கும் அது யார் வீட்டுப் பிள்ளையென்று தெரியவில்லை! இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் அதைவிடப் பெரிய சந்தேகம் வர வழியில்லை. அடுத்த புதன்கிழமை ஏழு நிமிடமும் அதற்கே போனது.

"பக்கத்து ஊர் அணியில ஒரு பொண்ணு வெளையாடுது. பொண்ணுன்னுதான் சொல்றாங்க. உயரமும் தோளும் குரலும் பாத்தவங்க வேற மாதிரி சொல்றாங்க. யார் பெத்தது, எங்கேர்ந்து வந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல. பையனாப் பொறந்தது பொண்ணுங்க ஆட்டத்துல ஆடக்கூடாதுன்னு, நம்ம பொண்ணுங்களுக்காகத்தானே மாநிலத்துல சட்டமே போட்டோம்? அந்தச் சட்டம் அலமாரியில தூங்கவா? நான் யாரையும் குத்தம் சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தபோது டான்யா ஹார்லனுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவில் இரங்கல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "வாசல்ல பனி இறுகிக் கெடக்கு. வழுக்கும், உப்புத் தூவிவிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டான்யா கிளம்பினார். சொன்னபடி வெர்லா தூவினார்.

அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை டான்யா ஹார்லனின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெர்லா வாசலில் நின்று, நகரசபைக்காரர்கள் நூலகத்துக்கு வாங்கிப்போட்ட புத்தகங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் ரேடியோவுக்கான ஒத்திகை.

"வெர்லாம்மா, அந்தத் துண்ட எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

"அந்த முப்பத்திரெண்டாம் நம்பர் பொண்ணு பேரு டீகன்."

"எந்தப் பொண்ணு?"

"யார் வீட்டுப் புள்ளன்னு ரேடியோல கேட்டீங்களே. என் வீட்டுப் புள்ள."

டான்யா திரும்பவில்லை. ஹார்லனின் தோளில் ஒரு கை, முதுகில் ஒரு கை. தேய்ப்பது நிற்கவில்லை.

"உம்பேரு மார்ஷ் இல்ல?" என்றார் வெர்லா. அந்த நேரத்தில் அவருக்கு வந்த கேள்வி அதுதான். "அந்தப் பொண்ணு பேரு ஏதோ ஹால்வர்சன்னு ஆட்டச் சீட்டுல போட்டிருந்துச்சாமே..."

"மார்ஷ் என் ரெண்டாவது வீட்டுக்காரர். டீகன் அவ அப்பா பேர வெச்சிருக்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் கேட்டேனே, மொத நாளே!"

"எங்கம்மா வீட்டுப் பேரக் கேட்டீங்க. ஸ்வீடன்காரங்களான்னுட்டுக் காபி போடப் போயிட்டீங்க."

வெர்லாவிடம் எப்போதும் பதில் இருக்கும். இப்போதும் ஒன்று இருந்தது. "நான் பேரு சொல்லலையேம்மா."

"நீங்க எப்பத்தான் சொன்னீங்க? மறுநாளே அவ கிளாஸ்ல பசங்க அவள 'தம்பி'ன்னு கூப்ட்டாங்க. போயிடும்னு விட்டுட்டேன். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல புகார் குடுத்திருக்காங்க. ஒரு சபை மூப்பராம். பேரு சொல்லமாட்டேங்கறாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும்." டான்யா துண்டை மடித்துப் போட்டார். "உங்க ரேடியோ மாதிரிதான்."

"பள்ளிக்கூடத்துல என்ன சொன்னாங்க?"

"புகார் இருக்கறவரைக்கும் ஆட விடமுடியாதாம். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி எழுதி வாங்கிட்டு வரணுமாம். எதப் பாத்து எழுதுவாரு டாக்டரு? பதினாறு வயசுப் பொண்ணு. நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். அவளும் சனிக்கிழமை மாவட்டப் போட்டிக்கு வரலேங்கறா. முடி வளக்கப்போறாளாம். வீட்ல பேசறதையே கொறைச்சுட்டா. ஏன்னா, குரல் கெட்டியாம்."

வெர்லா சுவரில் சாய்ந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார், வழி கிடைத்துவிட்டது.

"நாளைக்கே ரேடியோல சொல்லிடறேன். தப்பு நடந்துபோச்சுன்னு. எனக்கென்ன பயம்?"

"வேணாம்."

"நான் சொன்னா ஊரே—"

"அதான் வேணாங்கறேன். ஊரே மறுபடியும் காபிக்கடைல உக்காந்து, பொண்ணுதானாம், பொண்ணுதானாம்னு பேசும். அதையும் எம்பொண்ணு கேக்கணுமா? அவளப் பத்தி இனிமே ஒரு வார்த்தை வேணாம் வெர்லாம்மா. நல்ல வார்த்தையும் வேணாம். புகார வாபஸ் வாங்கச் சொல்லுங்க. மைக்குல இல்ல. அவரு மூஞ்சியப் பாத்து."

"எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்?" என்றார் வெர்லா. "என்னையும் ஒரு ஊரே பையன்னு கத்திச்சே?"

"தெரியும். ரேடியோல சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. உங்களுக்குப் புருஷன் கெடைச்சாரு. எம்பொண்ணுக்கு டாக்டர் கெடைச்சிருக்காரு."

"போதும்" என்றார் ஹார்லன்.

தண்ணீரைச் சொன்னாரா, பேச்சைச் சொன்னாரா தெரியவில்லை. டான்யா குழாயை மூடினார். ஹார்லனைத் துடைத்து, சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்த்தி, காலடித் தாங்கியைச் சரிசெய்தார் டான்யா. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்று சொன்னார்: "இடுப்புக்குக் கீழ சிவந்திருக்கு, வெர்லாம்மா. இன்னும் தோல் கிழியல. ராத்திரி ஒரே பக்கமாப் படுக்க விடாதீங்க, அடிக்கடி திருப்பிப் போடுங்க. சனிக்கிழமை வந்து பாக்கறேன்."

இனி வரமாட்டேன் என்று டான்யா மிரட்டியிருந்தால் வெர்லாவுக்கு வசதியாக இருந்திருக்கும். மிரட்டுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறவருக்குப் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் ரேடியோ நிலையத்துக்குப் போன் செய்து, நாளைக்கு வரப்போவதில்லை என்றார்.

"ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார் மேலாளர்.

"ஒடம்புக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த ஏழு நிமிஷத்துக்கு என்ன போடறது?"

"ஞானப்பாட்டு போடுங்க. அதுக்கு யாரும் போன் பண்ணித் திட்டமாட்டாங்க."

டார்வினை நேராகப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. ஹார்லனை யாரிடம் விட்டுப்போவது என்பதுதான் சிக்கல். வெள்ளிக்கிழமைகளில் துணைக்கு வரும் ஆலயத்துப் பெண்களைக் கூப்பிட்டால், ரேடியோவுக்குப் போகாமல் எங்கே, எதற்கு என்று கேட்பார்கள். இரங்கல் செய்தி முடிவதற்குள் ஊருக்குப் பரவிவிடும். கடைசியில் எதிர்வீட்டுப் புல்வெட்டிக்காரரின் கதவைத் தட்டினார். அந்த மனிதர் திறந்ததும் திகைத்து, "நான் அப்புறம் செவ்வாய்க்கிழமைதாங்க வெட்டினேன்" என்றார்.

"தெரியும். காலையில வந்து ஹார்லன்கூடக் கொஞ்ச நேரம் உக்காரணும். குளிருதுன்னு சொன்னா போர்வையப் போடுங்க. பேச்சுக் குடுங்க, அவரு கேட்டுக்குவாரு."

மறுநாள் விடிந்ததும் டார்வினின் பண்ணைக்குப் போனார் வெர்லா. ஆலயத்துக்குப் போடும் கோட்டு. கொட்டகை வாசலில் வெளிச்செருப்போடு உள்ளே வரக்கூடாதென்பதால் டார்வினின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டார். வீங்கிய காலுக்கு அது வசதியாகவே இருந்தது. உள்ளே வெப்பவிளக்குகளின் கீழ் தாய்ப்பன்றிகள் வரிசையாகப் படுத்திருந்தன. தூணில் தொங்கிய ரேடியோ பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தது. சத்தம் பழகிய பன்றிகள் மிரளாது என்று இங்கே எல்லாக் கொட்டகையிலும் ரேடியோ ஓடும். டார்வின் மண்டியிட்டிருந்தார். தோள்வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிய கை, ஈனமுடியாமல் திணறும் பன்றிக்குள் இருந்தது.

"சித்தி? இந்நேரம் நீங்க ரேடியோல இல்ல இருக்கணும்?"

"இன்னிக்கு இல்ல. அந்தப் புகார எடுத்துடு."

"எந்தப் புகாரு?"

"டார்வின்."

அவர் பன்றியைப் பார்த்துக்கொண்டார். "நீங்கதானே கேட்டீங்க, யார் வீட்டுப் புள்ளன்னு?"

"பதில் வந்துடுச்சு. எங்க வீட்ல உங்க சித்தப்பாவக் குளிப்பாட்ட வர்ற டான்யா பொண்ணு."

"அந்தம்மா ஒரு வருஷமா வருதே!"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியாதா?"

தாய்ப்பன்றி ஒருமுறை முக்கியது. "தெரியாது" என்றார் வெர்லா.

டார்வின் ஒரு குட்டியை வெளியே இழுத்து, மூக்கைத் துடைத்து, வைக்கோலில் விட்டார். மறுபடி கையை உள்ளே விட்டார். "அது சரி சித்தி, ஆனா மினசோட்டாவிலேர்ந்து வந்தவங்க. பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா?"

"நீ பொறந்தப்ப உன் தலை கூம்பு மாதிரி இருந்துச்சு. உங்கம்மா பாத்துட்டு அழுதா. சரியாப்போயிடும்னு நான் சொன்னேன், அவ்வளவுதான். உன்ன யாரும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லல."

"அப்ப நீங்க மாறிட்டீங்களா?" டார்வின் உண்மையிலேயே கவலையாகக் கேட்டார்.

"நான் எதுக்கு மாறணும்? சட்டம் சரிதான். நேத்தும் சரி, இன்னிக்கும் சரி. அதத் தூக்கிட்டுப் போய் நாம அடிச்சது ஒரு பொம்பளப் புள்ளய. உம்பொண்ணு மாதிரி."

"எம்பொண்ணு விரல்..."

"சுளுக்கு. ஐஸ் வெச்சா போயிடும்."

டார்வின் பன்றிக்குள் அடுத்த குட்டியைத் துழாவினார். "ரேடியோல நீங்க சொல்லுங்க சித்தி. அப்புறம் நான் எடுத்துடறேன். நான் மட்டும் எடுத்தா என்னத்தான் பைத்தியக்காரன்பாங்க."

"ரேடியோல சொல்லக்கூடாதுன்னு அவங்கம்மா சொல்லிட்டா."

"அப்ப ஊருக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்குத் தெரிய வேணாம். பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா போதும். நாளைக்கு அந்தப் பொண்ணு ஆடணும்."

"சரி, பண்றேன். இப்ப கை காலியில்ல, பாருங்க. இது முடியட்டும். மத்தியானம் பேசறேன்."

மத்தியானம் என்றால் திங்கட்கிழமை என்று வெர்லாவுக்குத் தெரியும். டார்வினைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். பன்றி விலை முடிந்தது. இன்றைக்கு வெர்லா கோய்கர் வரவில்லை என்று அறிவிப்பாளர் சொன்னார். ஆர்கன் இசை தொடங்கியது. டார்வின் தலையை நிமிர்த்தி ரேடியோவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

வெர்லா பன்றித் தடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, டார்வினின் மார்புப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். அது தன் எஜமானை அடையாளம் கண்டு திறந்துகொண்டது. பெல் க்ரீக் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் எண்ணைத் தேடி அழுத்தி, டார்வினின் காதில் வைத்தார்.

"சித்தி..."

வெர்லாவின் கை இறங்கவில்லை. மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்து, யார் பேசறது என்று கேட்டார்கள். இரண்டாவது தடவையும் கேட்டார்கள்.

"நான்... டார்வின் வான் ரூகல் பேசறேன்" என்றார் டார்வின், பன்றிக்கு மட்டும் கேட்கிற குரலில். "திங்கக்கிழமை நான் ஒரு புகார் குடுத்திருந்தேன் இல்ல..."

என்ன சொல்றீங்க, சரியாக் கேக்கல என்றது மறுமுனை.

வெர்லா போனைப் பிடித்த கையை அசைக்காமல், மற்றக் கையைத் தூணை நோக்கி நீட்டி ரேடியோவை அணைத்தார்.